மூன்று முறை தோல்விக்குப் பிறகு நோயெதிர்ப்புப் பரிசோதனை செய்துகொள்வதா, வேண்டாமா?

கார்காலக் குயில் (கேள்வி)

வணக்கம். எனக்கு வயது 37. செயற்கைக் கருத்தரிப்பு (ஐ.வி.எஃப்.) சிகிச்சையில் இதுவரை இரண்டு முறை முட்டை எடுத்து, மூன்று முறை கரு வைத்திருக்கிறார்கள். முதல் முறை மூன்றாம் நாள் கருக்கள் இரண்டை வைத்தார்கள்; ஒன்றும் தங்கவில்லை. இரண்டாம் முறை பிளாஸ்டோசிஸ்ட் எனப்படும் ஐந்தாம் நாள் கரு ஒன்று, அதுவும் தங்கவில்லை. மூன்றாம் முறை உறைய வைத்திருந்த பிளாஸ்டோசிஸ்ட் ஒன்றை வைத்தபோது, கர்ப்பத்தைக் காட்டும் ரத்த ஹார்மோனான பீட்டா எச்.சி.ஜி. 61 என்று வந்து, நான்கு நாள் கழித்துப் பார்க்கையில் 19-க்கு இறங்கிவிட்டது. அந்த நான்கு நாட்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இன்னும் இரண்டு கருக்கள் உறைநிலையில் இருக்கின்றன. எந்தக் கருவுக்கும் மரபணுப் பரிசோதனை செய்யவில்லை.

சென்ற வாரம் மருத்துவரைச் சந்தித்தபோது, அடுத்த கருவை வைப்பதற்கு முன் நோயெதிர்ப்புப் பரிசோதனைத் தொகுப்பு ஒன்றைச் செய்துகொள்ளலாம் என்றார். ரத்தத்தில் என்.கே. என்ற ஒருவகை நோயெதிர்ப்பு செல்களின் அளவு, அத்தகைய செல்கள் சுரக்கும் சைட்டோகைன்களின் விகிதம், கணவன் மனைவி இருவரின் எச்.எல்.ஏ. (திசு வகை) ஒப்பீடு, உடல் தன் சொந்த செல்களுக்கே எதிராக உண்டாக்கும் ஏ.என்.ஏ. எதிர்ப்பொருள், ரத்தம் கட்டவும் கர்ப்பம் கலையவும் காரணமாகக்கூடிய ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்பொருள்கள் ஆகியவை அதில் அடங்குமாம். தேவைப்பட்டால் கருப்பையின் உட்சவ்விலிருந்தும் சிறு திசு எடுப்பார்களாம். "உங்கள் உடல் கருவை அந்நியப் பொருளாக நினைத்து விரட்டுகிறதோ என்று பார்த்துவிடலாம்" என்று அவர் சொன்ன வாக்கியம் அன்றிலிருந்து என்னை விட்டு அகலவில்லை. அவர் வருத்தப்படுத்தும் நோக்கத்தில் சொல்லவில்லை என்பது தெரியும். ஆனாலும், வைத்த கருக்களையெல்லாம் நானேதான் விரட்டினேனோ என்ற எண்ணம் தூக்கத்தில்கூட வருகிறது.

என் கணவர் செய்துவிடலாம் என்கிறார். ரத்தம் கொடுப்பதால் என்ன கெட்டுவிடப் போகிறது, பிற்காலத்தில் "அதை மட்டும் பார்க்காமல் விட்டோமே" என்று வருந்தக்கூடாது என்பது அவர் வாதம். அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இது பற்றிப் படிக்கப் படிக்க, ஒரு பக்கம் இந்தச் சோதனைதான் தங்களுக்குக் குழந்தையைத் தந்தது என்று சொல்பவர்களும், மறுபக்கம் இதற்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று ஒரே வரியில் ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது இந்த இரண்டும் அல்ல. இந்தத் தொகுப்பில் உள்ள எல்லாச் சோதனைகளும் ஒரே தரத்தவையா, என் நிலையில் இருப்பவர் எதை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் நிதானமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஆய்வகச் சாளரம்

நான் சிகிச்சை தரும் மருத்துவர் அல்லள். மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்த செல்களை வகைபிரித்து எண்ணும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவள். ஆகவே, அந்தச் சோதனைக்குழாய் எங்களிடம் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. என்.கே. என்பதன் விரிவு "இயற்கைக் கொல்லி" என்பதாகும். 1970-களில், முன்பின் பழக்கம் இல்லாமலேயே புற்றுநோய் செல்களை அழிக்கும் ஆற்றல் இவற்றுக்கு இருப்பதைக் கண்டவர்கள் இட்ட பெயர் அது. கருப்பையில் காணப்படும் இதே குடும்பத்துச் செல்களுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பெயரைக் கேட்டவுடன் கருவைக் கொல்பவை என்ற கற்பனையும் கூடவே வந்துவிட்டது. உண்மையில் கருப்பையின் என்.கே. செல்கள் ரத்தத்தில் உள்ளவற்றிலிருந்து தோற்றத்திலும் நடத்தையிலும் வேறுபட்டவை. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் கருப்பை உட்சவ்வில் இருக்கும் நோயெதிர்ப்பு செல்களில் ஏறக்குறைய 70 சதவீதம் இவைதாம். தாயின் சுருள் தமனிகள் அகன்று, நஞ்சுக்கொடிக்குப் போதிய ரத்தம் கிடைக்கும்படி வழியமைப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. வாசலில் நிற்கும் திருடன் என்று எண்ணிக்கொண்டு வீடு கட்டும் கொத்தனாரைத் துரத்திவிடக் கூடாது அல்லவா?

இப்போது சோதனைக்கு வருகிறேன். ரத்தத்தில் உள்ள லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணு வகையில் என்.கே. செல்கள் பொதுவாக 5 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். இந்த எண் நிலையானது அன்று. உடற்பயிற்சி செய்த சில நிமிடங்களிலேயே இது கூடும். மன அழுத்தத்தில் கூடும். அண்மையில் வந்துபோன தொற்றாலும் மாறும். நேரமாகிவிட்டதே என்று படிகளில் ஓடிவந்து மூச்சு வாங்க உட்காரும் பெண்ணிடம் எடுத்த ரத்தமும், அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்த பிறகு அதே பெண்ணிடம் எடுத்த ரத்தமும் வேறு வேறு எண்களைத் தரலாம். அதைவிட முக்கியமானது, கையில் எடுத்த ரத்தத்தின் எண் கருப்பைக்குள் நடப்பதைக் காட்டுவதில்லை. சரி, கருப்பையிலிருந்தே திசு எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அங்கேயும் இச்செல்களின் எண்ணிக்கை முட்டை வெளிப்பட்ட பிறகு நாளுக்கு நாள் ஏறுகிறது. எண்ணும் முறை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுகிறது. இதற்கு மேல் போனால் "அதிகம்" என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடும் இல்லை. அறிக்கையில் சிவப்பு எழுத்தில் அச்சாகும் "உயர்வு" என்ற சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு தள்ளாட்டம் இருக்கிறது என்பதை, அதை அச்சிட்டவர்களில் ஒருத்தியாகச் சொல்கிறேன்.

உடல் கருவை அந்நியமாக எண்ணி விரட்டுகிறது என்ற கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தாயின் உடலில் பாதி அந்நியமான குழந்தை எப்படிப் பத்து மாதம் நிராகரிக்கப்படாமல் வளர்கிறது என்ற கேள்வியை 1953-இல் பீட்டர் மெடவார் எழுப்பினார். உறுப்பு மாற்று ஆய்வில் இருந்தவர் என்பதால், கர்ப்பத்தையும் வேறொருவரிடமிருந்து எடுத்துப் பொருத்திய திசுபோலப் பார்த்தார். கேள்வி அருமையானது, அதிலிருந்து பிறந்த சிகிச்சைகள் பல அப்படி அமையவில்லை. கணவரின் வெள்ளணுக்களை மனைவிக்கு ஊசியாகச் செலுத்தினால் உடல் பழகிக்கொள்ளும் என்று நம்பிப் பல ஆண்டுகள் செய்தார்கள். 1999-இல் வெளியான முறையான ஒப்பீட்டு ஆய்வில் அதனால் நன்மை இல்லை என்பதோடு, கர்ப்ப இழப்பு கூடியதாகவும் தெரியவந்தது. 2002-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி பெற்ற ஆய்வுகளுக்கு வெளியே அதைச் செய்யக் கூடாது என்று அறிவித்தது. உங்கள் தொகுப்பில் உள்ள எச்.எல்.ஏ. ஒப்பீடு பெரும்பாலும் அந்த நம்பிக்கையின் மிச்சம்தான். பிரிட்டனின் கருத்தரிப்புச் சிகிச்சை ஒழுங்குமுறை ஆணையமோ, மரபணு வேறுபாட்டின் காரணமாகத் தாயின் உடல் கருவை ஏற்க மறுக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றே நோயாளிகளுக்குச் சொல்கிறது. ஆகவே, சகோதரி, அந்த வாக்கியத்தை மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். நீங்கள் எதையும் விரட்டவில்லை.

ஆனால் தொகுப்பில் உள்ள எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறியவும் கூடாது. ஆன்டிபாஸ்போலிபிட் சோதனை வேறு வகை. அது ஓர் உண்மையான நோயை அடையாளம் காட்டுகிறது. அந்த நோய்க்குச் சிகிச்சையும் உண்டு. ஏ.என்.ஏ. நடுவில் நிற்கிறது. மூட்டு வலி, தோல் தடிப்பு போன்ற அறிகுறி உள்ளவர்களுக்கு அது பயன்படும். ஆனால் 1:80 என்ற அளவில் (எண்பது மடங்கு நீர்த்துப் பார்க்கையில்) நல்ல உடல்நலம் உள்ளவர்களில்கூட நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு அது நேர்மறையாக வரும் என்பதால், அறிகுறி இல்லாதவருக்கு அந்த முடிவு கலக்கத்தைத் தவிர வேறொன்றும் தராது.

இரட்டைக் கோடு

ஆன்டிபாஸ்போலிபிட் நோய் உள்ளவள் என்ற முறையில் அந்த ஒரு சோதனையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவை எனக்குத் தெரியாது.

எனக்குக் கருத்தரிப்பதில் சிக்கல் இருக்கவில்லை, தங்குவதில்தான் சிக்கல். இரண்டு கர்ப்பங்கள் ஏழாம், எட்டாம் வாரங்களிலும், ஒன்று இதயத் துடிப்பு நன்றாகக் கேட்ட பிறகு பதினோராம் வாரத்திலும் போயின. அதன் பிறகுதான் லூபஸ் ஆன்டிகோயகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் எதிர்ப்பொருள் ஆகிய மூன்று ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்பொருள்களையும் பார்த்தார்கள். முதலிரண்டும் நேர்மறையாக வந்தன. உடனே மருந்து தொடங்குவார்கள் என்று நினைத்தேன். இல்லை, குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் எடுத்து, அப்போதும் நேர்மறையாக இருந்தால்தான் நோய் என்று சொல்வோம் என்றார்கள். ஏதாவது காய்ச்சல் வந்துபோன பின்னர்கூட இந்த எதிர்ப்பொருள்கள் சில வாரங்கள் தலைகாட்டிவிட்டு மறையுமாம். அந்த மூன்று மாதங்கள் எனக்கு மூன்று ஆண்டுகளாக இருந்தன. ஆனால் ஒரே ஒரு முடிவை வைத்துக்கொண்டு மருந்து எழுதாத அந்த மருத்துவரை இன்றும் மதிக்கிறேன்.

இரண்டாம் முறையும் நேர்மறை. அடுத்த கர்ப்பத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் ஊசியைத் தினமும் தந்தார்கள். என் மகளுக்கு இப்போது வயது நான்கு. இது என் அதிர்ஷ்டம் மட்டும் அன்று. 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தொடர்ந்து கர்ப்பம் இழந்த ஆன்டிபாஸ்போலிபிட் பெண்கள் 90 பேரில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதத்தினருக்கும், ஹெபாரினும் சேர்த்து எடுத்தவர்களில் 71 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் சோதனைக்கும் சிகிச்சைக்கும் இடையே ஒரு பாலம் இருக்கிறது.

இதை வைத்து நீங்களும் அவசியம் செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கர்ப்ப இழப்பு உள்ளவர்களுக்கு இந்தச் சோதனையை ஐரோப்பிய வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. உங்களுக்கு இருப்பது, பீட்டா ஏறி இறங்கிய அந்த ஒன்று மட்டும். உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ காலில் ரத்தக் கட்டி, இளம் வயதுப் பக்கவாதம், உடல் தன்னையே தாக்கும் லூபஸ் நோய் ஏதேனும் உண்டா? உண்டென்றால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். செய்துகொள்வதாக இருந்தால், ஹெபாரின் தொடங்குவதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள். மருந்து உள்ளே போன பின் லூபஸ் ஆன்டிகோயகுலன்ட் முடிவு குழம்பிவிடும். பல இடங்களில் "எதற்கும் இருக்கட்டும்" என்று கரு வைத்த அன்றே ஹெபாரினைத் தொடங்கிவிடுகிறார்கள்.

நள்ளிரவு விளக்கு

நான் இந்தச் சோதனை செய்து குழந்தை பெற்றவர்களின் பக்கத்தைச் சேர்ந்தவள். என்.கே. சோதனை செய்து, "உயர்வு" என்று வந்து, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் இன்ட்ராலிபிட் என்ற கொழுப்புத் திரவமும் எடுத்து, நான்காம் முறையில் மகனைப் பெற்றவள். ஆகவே மேலே எழுதியவர்களின் மீது எனக்குச் சிறிது கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஆய்வுகளில் இல்லை என்றால் இல்லவே இல்லை என்று ஆகிவிடுமா? யாரோ ஒரு சிலருக்கு மட்டும் பயன்படும் மருந்து, எல்லோரையும் கலந்து எடுத்த சராசரியில் காணாமல் போகலாம் அல்லவா?

இதைச் சொன்ன பிறகு, நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான்காம் முறையில் மாறியது மருந்து மட்டும் இல்லை. அந்த முறை கருவை உறைய வைத்து, மரபணுப் பரிசோதனை செய்து, சரியாக இருந்த ஒன்றை வைத்தார்கள். முந்தைய மூன்று முறைகளிலும் அப்படிச் செய்யவில்லை. எது வேலை செய்தது என்று யாராவது என்னிடம் சத்தியம் செய்யச் சொன்னால் என்னால் செய்ய முடியாது. என் மருத்துவர் மருந்து என்கிறார். என் தங்கை கரு என்கிறாள். நான் மகனைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறேன்.

மருந்தும் சும்மா இருக்கவில்லை. பிரெட்னிசோலோன் எடுத்த வாரங்களில் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், முகம் வீங்கியது, பின்னர் கர்ப்ப காலச் சர்க்கரையும் வந்தது. அது மாத்திரையால் வந்ததா, எனக்கே வர இருந்ததா என்பதும் சொல்ல முடியாத கணக்குதான். இன்ட்ராலிபிட் என்பது சோயா எண்ணெயும் முட்டை மஞ்சள் கருவின் கொழுப்பும் சேர்ந்த பால்போன்ற திரவம். வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு ஊட்டச்சத்தாக நரம்பு வழியே ஏற்றுவதற்காக உருவானது. முட்டையோ சோயாவோ ஒவ்வாதவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. இதை எனக்கு மருந்து ஏற்ற வந்த செவிலியர்தான் சொன்னார், ஊசி குத்துவதற்கு ஒரு நிமிடம் முன்பு. எழுதிக் கொடுத்தபோதே சொல்லியிருக்க வேண்டும்.

நாற்பதுக்கு நாற்பது

நான் கணவன் தரப்பு. எங்கள் வீட்டில் சோதனை வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான்தான். ஆகவே கார்காலக் குயில் அவர்களின் கணவருக்காகவும் சேர்த்து எழுதுகிறேன். மனைவி ஊசி, மாத்திரை, மயக்க மருந்து என்று எல்லாவற்றையும் தாங்கும்போது, ஆணுக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அந்த வெறுமையில், "இன்னொரு சோதனை செய்வோம்" என்று சொல்வது ஏதோ பொறுப்பை ஏற்றுக்கொண்டதுபோல ஒரு நிம்மதியைத் தருகிறது. அதை நான் அப்போது உணரவில்லை.

நான் கணக்கு சொல்லிக்கொடுப்பவன். எனக்குத் தெளிவு வந்ததும் கணக்கின் வழியாகத்தான். ஒரு கருவை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 30 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோற்கும் வாய்ப்பு 0.7. மூன்று முறை தொடர்ந்து தோற்கும் வாய்ப்பு 0.7-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.343. அதாவது, எந்தக் குறையும் இல்லாத நூறு தம்பதியரில் முப்பத்து நான்கு பேர் வெறும் தற்செயலாலேயே மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்புவார்கள். அந்த முப்பத்து நான்கு பேரும் "நமக்கு மட்டும் ஏன்" என்றுதான் கேட்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஏதேனும் ஒரு சோதனையில் ஏதேனும் ஓர் எண் சிவப்பாகவும் வரும். நான்காம் முறையில் அவர்களில் பத்துப் பேருக்கு எப்படியும் பிறக்கும். இடையில் எந்த மருந்தைக் கொடுத்திருந்தாலும் அந்தப் பத்துப் பேருக்கும் அந்த மருந்தே தெய்வமாகத் தெரியும். நள்ளிரவு விளக்கு அவர்களே, உங்களைச் சொல்லவில்லை. நீங்களே என்னைவிட நேர்மையாக அதைச் சொல்லிவிட்டீர்கள்.

நீங்கள் எழுப்பிய "ஒரு சிலருக்கு மட்டும் பயன்படலாமே" என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் சிலர் யார் என்று காட்டும் சோதனை நம்பகமாக இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும். ஸ்டீராய்டைப் பொறுத்தவரை, 2023-இல் சீனாவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை தோற்ற 715 பெண்களில் பாதிப் பேருக்குப் பிரெட்னிசோனும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் தந்தார்கள். குழந்தை பிறந்தது முறையே 37.8 சதவீதமும் 38.8 சதவீதமும். பீட்டா ஏறி இறங்கிப் போகும் இழப்பு மருந்து எடுத்தவர்களிடம் அதிகம். குறைமாதப் பிரசவமும் அதிகம். பயன் இல்லாவிட்டாலும் பாதகம் இல்லை என்று நினைத்திருந்த எனக்கு அந்த வரி உறைத்தது.

இன்னொரு ஆய்வு எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறது. கருப்பை இயல்பாக உள்ள நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு, மரபணு சரியான கருக்களை ஒவ்வொன்றாக மூன்று முறை வரை வைத்துப் பார்த்ததில், 92 சதவீதத்துக்கும் மேலானோருக்குக் குழந்தை பிறக்கும் என்று 2021-இல் கணக்கிட்டார்கள். அத்தகைய கரு கிடைப்பதே பலருக்கு எட்டாத காரியம் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும், நல்ல கருவைத் தொடர்ந்து விரட்டும் உடல் என்பது இருந்தாலும் மிக அரிது என்பதை அது காட்டுகிறது. 37 வயதில் கருக்களில் கணிசமானவை குரோமோசோம் கோளாறு உள்ளவை. நாற்பதைத் தாண்டினால் பாதிக்கு மேல். தோல்விக்கான காரணத்தை அங்கே தேடுவதுதான் முதல் கடமை என்று எனக்குப் படுகிறது.

கார்காலக் குயில்

எல்லோருக்கும் நன்றி. இரவு உட்கார்ந்து நானும் கணவரும் சேர்ந்தே படித்தோம். நாற்பதுக்கு நாற்பது எழுதிய முதல் பத்தியைப் படித்துவிட்டு அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆனால் அவருக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. சோதனை செய்து, முடிவைத் தெரிந்துகொண்டு, மருந்து வேண்டாம் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாமே, அறிவதில் என்ன தவறு என்கிறார். அதோடு, என் நிலையை "தொடர் கருப்பதியாமை" என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அது சரியான பெயர்தானா?

ஆய்வகச் சாளரம்

பெயரிலிருந்து தொடங்குகிறேன். ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2023-இல் வெளியிட்ட பரிந்துரையில் எத்தனை முறை தோற்றால் அந்தப் பெயர் என்று ஓர் எண்ணைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் வயது, கருவின் தரம் ஆகியவற்றை வைத்து, இதுவரை வைத்த கருக்களில் ஏதேனும் ஒன்றாவது பதிந்திருக்க வேண்டிய மொத்த வாய்ப்பு 60 சதவீதத்தைத் தாண்டியும் கர்ப்பச் சோதனை நேர்மறையாக வராவிட்டால், அப்போது மேற்கொண்டு ஆராயலாம் என்கிறது. உங்கள் மூன்றாம் முறையில் பீட்டா 61 வந்தது. அது நிலைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கரு பதியத் தொடங்கியது என்பதும் உண்மை. ஆகவே அந்தப் பெயர் உங்களுக்கு முழுதாகப் பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன்.

அதே பரிந்துரை, ரத்தத்திலோ கருப்பையிலோ என்.கே. செல்களை எண்ணுவதை வழக்கமான சோதனையாக ஏற்கவில்லை. கருப்பையின் உள்வடிவத்தை முப்பரிமாண ஸ்கேனிலோ, உள்ளே சிறு கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பியிலோ பார்ப்பது, உட்சவ்வின் தடிமன், அதில் நாள்பட்ட அழற்சி உண்டா என்பது, தைராய்டு, புரோஜெஸ்டிரோன் அளவு, தம்பதியரின் குரோமோசோம் அமைப்பு, ஆபத்துக் காரணி இருப்பவர்களுக்கு ஆன்டிபாஸ்போலிபிட் ஆகியவைதாம் அதன் பட்டியலில் வருகின்றன. இவற்றில் எவை உங்களுக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டன என்று பழைய கோப்பைப் புரட்டிப் பாருங்கள். முதல் முட்டை எடுப்புக்கு முன் பார்த்த தைராய்டு அளவு இன்றைக்குச் செல்லாது.

"அறிவதில் என்ன தவறு" என்ற கேள்விக்குத் தைராய்டையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். தைராய்டு நன்றாக வேலை செய்தும் தைராய்டு எதிர்ப்பொருள் மட்டும் உள்ள பெண்களுக்குக் கர்ப்ப இழப்பு அதிகம் என்பது முன்பே தெரியும். சோதனை நம்பகமானது, தொடர்பும் உண்மையானது. தைராய்டு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 2019-இல் 952 பெண்களை வைத்து ஆய்ந்தபோது, மாத்திரை எடுத்தவர்களில் 37.4 சதவீதத்தினருக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 37.9 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. நல்ல சோதனைக்கே இந்தக் கதி என்றால், எல்லைக்கோடே இல்லாத சோதனையின் முடிவை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? "உயர்வு" என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, மருந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த கருவை அமைதியாக வைத்துக்கொள்ளும் மனவுறுதி எனக்கு இருந்திருக்காது.

மருத்துவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: முடிவு உயர்வாக வந்தால் என்ன செய்வீர்கள், இயல்பாக வந்தால் என்ன செய்வீர்கள்?

கார்காலக் குயில்

இன்று போய்க் கேட்டுவிட்டு வந்தோம்.

மருத்துவர் கோபப்படவில்லை, பொறுமையாகவே பேசினார். உயர்வாக வந்தால் ஸ்டீராய்டும் இன்ட்ராலிபிடும் தருவோம் என்றார். இயல்பாக வந்தால் என்று என் கணவர் கேட்டார். மூன்று முறை ஆகிவிட்டபடியால் ஒரு பாதுகாப்புக்காக அப்போதும் ஸ்டீராய்டு மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நிறுத்தினார். நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 2023 ஆய்வைப் பற்றிக் கேட்டபோது, படித்திருக்கிறேன், ஆனால் நோயாளிகள் ஏதாவது புதிதாகச் செய்யச் சொல்லிக் கேட்கிறார்கள் என்றார். அது உண்மையான பதில் என்றே எனக்குத் தோன்றியது. நாங்களும் அப்படிக் கேட்டவர்கள்தாம்.

என்.கே., சைட்டோகைன், எச்.எல்.ஏ. மூன்றும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஆன்டிபாஸ்போலிபிட் பற்றி இரட்டைக் கோடு கேட்டதை வீட்டில் விசாரித்தேன். அம்மாவுக்கு என் தம்பி பிறந்த பிறகு காலில் ரத்தக் கட்டி வந்து பல மாதங்கள் மருந்து சாப்பிட்டது இப்போதுதான் தெரியவந்தது. இத்தனை ஆண்டுகளில் யாரும் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. பிரசவத்துக்குப் பின் கட்டி வருவது பலருக்கும் நேர்வதுதான், அதனால் அது பெரிய காரணம் ஆகாது என்று மருத்துவர் சொன்னார். இருந்தாலும் அந்த மூன்று எதிர்ப்பொருள்களை மட்டும் பார்த்துவிடலாம் என்றார். ஹெபாரின் எதுவும் தொடங்காத நிலையில் இன்றே ரத்தம் கொடுத்தேன். நேர்மறையாக வந்தால் 12 வாரம் காத்திருக்க வேண்டும் என்பதை இந்த முறை அவருக்கு முன்பே நான் சொன்னேன்.

தைராய்டு மீண்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். முப்பரிமாண ஸ்கேன் இதுவரை செய்யவே இல்லை என்பது கோப்பைப் புரட்டியபோது தெரிந்தது. அடுத்த மாதவிடாய்ச் சுழற்சியில் அதற்கு நாள் குறித்திருக்கிறோம். மீதமுள்ள இரண்டு கருக்களை உருக்கி மரபணுப் பரிசோதனை செய்து மீண்டும் உறைய வைப்பதா, அப்படியே ஒவ்வொன்றாக வைப்பதா என்பதில் மட்டும் எனக்கும் கணவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. உருக்கி உறைய வைப்பதில் கரு கெட்டுவிடுமோ என்று நான் பயப்படுகிறேன். இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தனிக் கேள்வியாக எழுதுகிறேன், அங்கே வாருங்கள்.